படத்தை எந்த எழுத்தில் தேடுவது? – வரைகலை நிரலாக்கத்தில் எடுத்துக்காட்டுக் கோப்புகளின் வரலாறு

நூலுக்குரிய பத்து அழகுகளை அடுக்கும் நன்னூல், விளக்கமான உதாரணம் உடைமையை அவற்றுள் இறுதியாக வைக்கிறது. காண்டிகை உரையின் உறுப்புகளைக் கூறுமிடத்தும் கருத்து, பதப்பொருள் ஆகிய இரண்டையும் அடுத்துக் 'காட்டு' என்பதை நிறுத்துகிறது. நூற்பா எவ்வளவு திட்பமாக இருப்பினும், கற்பவர் அதனுள் நுழையும் வாயில் பெரும்பாலும் உதாரணமே என்பதை இலக்கண ஆசிரியர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

கணினி நிரலாக்கத்தின் வரலாறு எழுதப்படும்போது இவ்வாயில் பொதுவாகக் கவனத்துக்கு வருவதில்லை. மொழிகள், அவற்றை வடிவமைத்தோர், அவற்றை விற்ற நிறுவனங்கள் என்று வரலாறு நகர்கிறது. மென்பொருளோடு சேர்த்தே அனுப்பப்படும் எடுத்துக்காட்டுக் கோப்புகள் அவ்வரலாற்றின் ஓரத்திலேயே கிடக்கின்றன. சொற்களுக்குப் பதிலாகப் படங்களையும் கோடுகளையும் இணைத்து நிரல் எழுதும் வரைகலை மொழிகளில், அக்கோப்புகளே முதல் ஆசிரியர். அந்த ஆசிரியரைக் கண்டடைவது எப்படி என்ற வினாவுக்கு நாற்பது ஆண்டுகளில் பல விடைகள் முயலப்பட்டன. ஒவ்வொரு விடையும் யாரை உள்ளே விட்டது, யாரை வெளியே நிறுத்தியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

திரையில் வரைந்து கணினியோடு உரையாடலாம் என்பதை 1963இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் இவான் சதர்லாந்தின் 'ஸ்கெட்ச்பேட்' காட்டியது. அவருடைய தமையனார் வில்லியம் சதர்லாந்து, அதே நிறுவனத்தில் 1966இல் அளித்த ஆய்வேட்டில் அடுத்த அடியை வைத்தார்: வரையப்படும் படமே செயல்முறையாக இயங்கலாம் என்றார். கணக்கீட்டின் உறுப்புகள் கட்டங்களாகவும், அவற்றிடையே செல்லும் தரவு கோடுகளாகவும் அமைந்தன. இருபது ஆண்டுகள் கழித்து, டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் இயங்கிய நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம், மெக்கின்டாஷ் கணினிக்காக 1986இல் 'லேப்வியூ'வை வெளியிட்டது. ஜெஃப் கோடோஸ்கி அதன் முதன்மை வடிவமைப்பாளர். ஆய்வகக் கருவிகளோடு நாள்தோறும் பழகும் பொறியாளர், கருவிகளைக் கம்பியால் இணைப்பது போலவே நிரலையும் இணைக்கலாம் என்பது அதன் அடிப்படை எண்ணம். அதில் எழுதப்படும் ஒவ்வொரு நிரலும் 'மெய்நிகர் கருவி' எனப்பட்டது. குமிழ்களும் முள்காட்டிகளும் கொண்ட முகப்பு ஒன்று. அதன் பின்னே கம்பிகள் ஓடும் கட்ட வரைபடம் ஒன்று.

இங்கே ஓர் இடர் எழுந்தது. 1980களில் நிரலாக்கம் பரவியதற்கு அச்சு பெருந்துணையாக இருந்தது. வீட்டுக் கணினி இதழ்கள் பேசிக் மொழி நிரல்களை முழுமையாக அச்சிட்டன. வாசகர் அவற்றை வரிவரியாகத் தட்டச்சுச் செய்து இயக்கிப் பார்த்தனர். பிழை செய்தனர், பிழையைத் திருத்தும் முயற்சியில் மொழியையும் கற்றனர். கம்பிகளால் ஆன நிரலை அவ்வாறு தட்டச்சுச் செய்ய இயலாது. அச்சிட்ட படத்தைப் பார்த்து ஒவ்வொரு கட்டத்தையும் தேடி எடுத்து, ஒவ்வொரு கம்பியையும் மீண்டும் இழுத்தாக வேண்டும். வண்ணத் திரைகள் பரவியபின் நிலைமை மேலும் சிக்கலாயிற்று. லேப்வியூவில் முழு எண்ணைச் சுமக்கும் கம்பி நீலம், பின்ன எண்ணுக்குச் செம்மஞ்சள், எழுத்துச்சரத்துக்கு இளஞ்சிவப்பு, ஆம், இல்லை என்ற மதிப்புக்குப் பச்சை. கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் வண்ணம் சொல்லும் பொருள் மறைந்துவிடும். எனவே இவ்வகை மொழிகளில் எடுத்துக்காட்டு கோப்பாகவே பயணம் செய்ய வேண்டியதாயிற்று. நிறுவல் வட்டோடு சேர்ந்து வந்த 'எக்சாம்பிள்ஸ்' கோப்புறை மொழியின் இன்றியமையா உறுப்பாகவே இருந்தது.

அக்கோப்புகளை மாணவர் திறந்து, இயக்கி, கலைத்து, வேறு பெயரில் சேமித்துக்கொள்வதே வழக்கம். 'வேறு பெயரில்' என்பது ஒரு காலத்தில் கட்டாய ஒழுக்கமாகவும் இருந்தது. செய்ததை மீளப்பெறும் வசதி லேப்வியூவுக்கு 1998இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில்தான் கிடைத்தது. அதுவரை பன்னிரண்டு ஆண்டுகள், தவறி அழித்த கம்பியைக் கையாலேயே மீண்டும் இழுக்க வேண்டியிருந்தது. மூலத்தைப் படியெடுத்துக்கொண்டு படியில் மட்டுமே கை வைப்பது என்ற ஏட்டுச்சுவடிக் கால ஒழுங்கை, எடுத்துக்காட்டுக் கோப்புகள் பொறியாளரிடம் வேறு காரணத்தால் வளர்த்தன.

கோப்புறை இருந்தது, அதில் வேண்டியதைக் கண்டடைவதே கடினமாக இருந்தது. 1992இல் லேப்வியூ விண்டோஸுக்கு வந்தபோது, அக்காலக் கோப்புப் பெயருக்கு எட்டு எழுத்துகளும் பின்னொட்டுக்கு மூன்று எழுத்துகளுமே இடம் இருந்தன. 'வெப்பநிலையை அளந்து வரைபடமாகக் காட்டுதல்' போன்ற செய்தியை எட்டு எழுத்துக்குள் அடக்க இயலாது. அதற்குத் தீர்வாக, பல நிரல்களை ஒரே கோப்புக்குள் நீண்ட பெயர்களோடு அடுக்கிவைக்கும் 'நூலகக் கோப்பு' என்ற அமைப்பு பயன்பட்டது. பெயர்ச் சிக்கல் தீர்ந்தது. தேடல் சிக்கல் முற்றியது. இயங்குதளத்தின் தேடுகருவிக்கு வெளியே இருக்கும் நூலகக் கோப்பு மட்டுமே தென்பட்டது. உள்ளே அடுக்கப்பட்ட நிரல்களின் பெயர்கள் தென்படவில்லை. பேழை கண்ணுக்குத் தெரிந்தது. அதனுள் எந்தச் சுவடி உள்ளது என்பதைப் பேழையைத் திறந்தவரே அறிந்தார்.

இச்சிக்கலுக்கு அடியில் மொழியியல் சார்ந்த வினா ஒன்று உள்ளது. உரைவழி மொழியில் எழுதப்பட்ட நிரல் எழுத்துகளால் ஆனது. எழுத்துகளுக்கு வரிசை உண்டு. வரிசை இருப்பதால் அகராதியும் தேடலும் அமைகின்றன. ஆயிரம் கோப்புகள் இருந்தாலும் ஒரு சொல்லைக் கொடுத்து, அச்சொல் வரும் இடங்களையெல்லாம் நொடியில் பெறலாம். வரைபட நிரலில் கூட்டல் என்பது முக்கோண வடிவம் ஒன்று. சுழற்சி என்பது அடுக்கிவைத்த தாள்களைப் போன்ற சட்டம் ஒன்று. முக்கோணத்துக்கு அகரம் எது, னகரம் எது? வடிவங்களுக்கு இடையே முன்பின் வரிசை இல்லாததால், படங்களின் தொகுதியைத் தேட வேண்டுமாயின் முதலில் அப்படங்களின்மேல் சொற்களைப் போர்த்தியாக வேண்டும். அச்சொற்களைத் தேர்பவர் யார் என்பது அடுத்த வினா.

லேப்வியூ இதற்குக் கண்ட விடை 'எக்சாம்பிள் ஃபைண்டர்' என்னும் துணைக்கருவி. உதவிப் பட்டியலிலிருந்து திறக்கப்படும் அச்சாளரம் இரண்டு வழிகளைத் தருகிறது. முதலாவது உலாவல். செய்யவேண்டிய பணியின் அடிப்படையிலோ, கோப்புறை அமைப்பின் அடிப்படையிலோ வகைப்படுத்திய மரத்தில் கிளைகிளையாக இறங்கலாம். இரண்டாவது தேடல். குறிச்சொல்லை உள்ளிடலாம், அல்லது முன்னரே அமைத்த குறிச்சொற் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்த எடுத்துக்காட்டின் விளக்கம் பக்கத்தில் தோன்றும். கணினியோடு இணைந்துள்ள அளவீட்டுக் கருவிக்குப் பொருந்தும் எடுத்துக்காட்டுகளை மட்டும் வடித்தெடுக்கவும் இயலும்.

தமிழ்ச் சொற்றொகுதி வரலாறு அறிந்தவர்க்கு இவ்விரு வழிகளும் புதியன அல்ல. திவாகரமும் பிங்கலமும் சொற்களைப் பொருள்வகையால் தொகுத்தன. தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று தொகுதிகள் அமைந்தன. பொருளின் இனத்தை அறிந்தவர் அத்தொகுதிக்குள் சென்று சொல்லைக் காணலாம். 1732இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதி சொற்களை எழுத்து வரிசையில் நிறுத்தியது. சொல்லின் வடிவை அறிந்தவர் அதன் பொருளைக் காணலாம். நிகண்டு பொருளிலிருந்து சொல்லுக்கும், அகராதி சொல்லிலிருந்து பொருளுக்கும் செல்லும் பாதைகள். எக்சாம்பிள் ஃபைண்டரின் உலாவல் நிகண்டின் முறை; தேடல் அகராதியின் முறை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது என்பதைத் தமிழ்க் கல்வி வரலாறு காட்டியிருக்கிறது. நிகண்டை மனனம் செய்த மாணவருக்குத் தொகுதிகளின் ஒழுங்கு உள்ளத்திலேயே இருந்தது. அவ்வொழுங்கு பழகாதவருக்கு நிகண்டு திசையறியாக் காடு.

புதிதாக வருபவரின் இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது. இந்தியப் பொறியியல் கல்லூரிகளில் 'மெய்நிகர் கருவியியல்' என்ற தாளைப் பயிலும் மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். உணரியிலிருந்து வரும் மின்னழுத்தத்தைத் தொடர்ந்து படித்துச் சேமிக்க வேண்டும் என்பது அவர் தேவை. தன் தேவை இன்னது என்பதில் அவருக்கு ஐயமில்லை. 'தரவு கையகப்படுத்தல்' என்று அத்துறை அதற்குச் சூட்டியுள்ள ஆங்கிலப் பெயரை அறியாதவரை, எந்தக் கிளையில் இறங்குவது என்றும் எந்தச் சொல்லை இடுவது என்றும் அவர் அறியார். தேடுகருவி கேட்பது கலைச்சொல்லை; அக்கலைச்சொல்லைக் கற்பிக்கவேண்டிய எடுத்துக்காட்டோ தேடலுக்கு அப்பால் இருக்கிறது. கதவின் திறவுகோல் பூட்டிய அறைக்குள்ளேயே கிடக்கும் நிலை இது. லேப்வியூவின் இடைமுகம் ஜப்பானியம், பிரெஞ்சு, ஜெர்மன், கொரியம், எளிமையாக்கப்பட்ட சீனம் ஆகிய மொழிகளுக்குப் பெயர்க்கப்பட்டது. இந்திய மொழி எதுவும் அவ்வரிசையில் இடம்பெறவில்லை.

இதே காலத்தில் பாரிஸ் நகரில் வேறொரு விடை உருவாகிக்கொண்டிருந்தது. இசை, ஒலியியல் ஆய்வு நிறுவனமான இர்காமில் மில்லர் பக்கெட், நேரலை இசை நிகழ்த்துதலுக்காக மெக்கின்டாஷில் ஒரு வரைகலைச் சூழலை 1980களின் பிற்பகுதியில் அமைத்தார். கணினி இசையின் முன்னோடி மேக்ஸ் மேத்யூசின் பெயரால் அது 'மேக்ஸ்' எனப்பட்டது. பிலிப் மானூரி பியானோவுக்கும் நேரலை மின்னணுவியலுக்குமாக 1988இல் இயற்றிய 'ப்ளூட்டோன்' அச்சூழலில் நிகழ்த்தப்பட்ட தொடக்கப் படைப்பு. மேக்ஸ் 1990இல் ஓப்கோட் நிறுவனத்தின் வழியாக விற்பனைக்கு வந்தது. பின்னர் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்துக்குச் சென்ற பக்கெட், 1996இல் 'பியூர் டேட்டா' என்ற கட்டற்ற மென்பொருளை வெளியிட்டார்.

இவ்விரு சூழல்களிலும் உதாரணத்தை அடைய எதையும் பெயரிட்டுத் தேடவேண்டியதில்லை. திரையில் உள்ள ஓர் உறுப்பின்மேல் வலச்சொடுக்கிட்டு உதவி கேட்டால், பியூர் டேட்டாவில் அவ்வுறுப்பைப் பற்றிய உதவி ஏடு திறக்கும். மேக்ஸிலும் விசை ஒன்றை அழுத்திக்கொண்டு சொடுக்கினால் அதுவே நிகழும். அவ்வேடும் ஓர் இயங்கும் நிரலே. அதிலுள்ள எண்ணை மாற்றினால் ஒலி மாறும். அதன் பகுதியை வெட்டித் தன் நிரலில் ஒட்டிக்கொள்ளலாம். விளக்கத்துக்கும் விளக்கப்படும் பொருளுக்கும் இடையே திரை இல்லை. சுட்டிக் காட்டி 'இது என்ன?' என்று கேட்கும் குழந்தைக்குக் கிடைக்கும் விடையைப் போன்றது அது. பெயர் அறியாமை அங்கே தடையாகாது.

இந்த எளிமைக்குப் பின்னால் இயங்குவது ஒரு சொல்லாக்க விதி. உறுப்பின் பெயரோடு 'ஹெல்ப்' என்ற ஒட்டைச் சேர்த்தால் உதவிக் கோப்பின் பெயர் கிடைத்துவிடும். மென்பொருள் அப்பெயரை உருவாக்கி, உரிய கோப்புறைகளில் தேடுகிறது. தனித் தரவுத்தளம் வேண்டியதில்லை. பழைய வழக்கில் இவ்வொட்டு பெயருக்கு முன்னே நின்றது. பின்னர் பெயருக்குப் பின்னே நின்றது. முன்னொட்டாக இருந்தால் எழுத்து வரிசையில் உதவிக் கோப்புகள் அனைத்தும் ஓரிடத்தில் திரளும். பின்னொட்டானபோது ஒவ்வோர் உதவிக் கோப்பும் தன் பெயர்ச்சொல்லின் அருகிலேயே இடம்பெறும். பியூர் டேட்டாவின் நிரல் இன்றும் முதலில் பின்னொட்டு வடிவைத் தேடி, அது கிடைக்காதபோது முன்னொட்டு வடிவைத் தேடுகிறது. பேச்சில் வழக்கொழிந்த வடிவம் ஒன்று மொழியின் ஏதோ ஒரு மூலையில் எஞ்சி நிற்பதைப் போல, பழைய பெயரிடல் அங்கே உயிரோடிருக்கிறது.

சுட்டிக் கேட்கும் முறைக்கும் எல்லை உண்டு. உறுப்பு கண்முன் இருந்தால்தான் அதைச் சுட்ட முடியும். எதிரொலி உண்டாக்க எந்த உறுப்பு வேண்டும் என்று அறியாதவர் எதைச் சுட்டுவார்? பியூர் டேட்டா அதற்குப் பாடநூலின் ஒழுங்கைக் கைக்கொண்டது. மென்பொருளோடு வரும் ஆவணக் கோப்புறைகள் எண்ணிடப்பட்டுள்ளன: கையேடு, கட்டுப்பாட்டு எடுத்துக்காட்டுகள், ஒலி எடுத்துக்காட்டுகள், தரவு அமைப்புகள், மேற்கோள் என அவை தொடர்கின்றன. ஒலி எடுத்துக்காட்டுகளின் பெயர்கள் ஆங்கிலத்தின் முதல் பத்து எழுத்துகளால் பகுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் வரிசை எண் பெறுகின்றன. 2007இல் வெளிவந்த பக்கெட்டின் மின்னணு இசைப் பாடநூலின் பத்து இயல்களோடு அப்பத்து எழுத்துகளும் ஒத்துச் செல்கின்றன. முதல் எழுத்தின் முதல் கோப்பு தூய சைன் அலை. அங்கிருந்து ஒழுங்காக நடப்பவர் அலைவரிசை, வடிகட்டி, ஃபூரியே பகுப்பு என்று ஏறிச் செல்லலாம். தேடல் இங்கே வாசிப்பாக மாறுகிறது. கற்கும் முறையே கோப்பின் பெயரில் பொதிந்திருக்கிறது.

எவ்வளவு காலம் நீடிக்கும் என்ற வினாவிலும் இரு மரபுகளும் வேறுபடுகின்றன. லேப்வியூவின் நிரல் இருமக் கோப்பு. புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு நேரடியாகத் திறவாது. மிகப் பழைய கோப்பைப் புதிய பதிப்பில் திறக்க இடைப்பட்ட பதிப்பொன்றின் உதவி தேவைப்படும். பியூர் டேட்டாவின் நிரல் எளிய உரைக்கோப்பு. படமாகத் தோன்றுவது வட்டில் எழுத்தாகவே கிடக்கிறது. எந்த உரைத்தொகுப்பியிலும் அதைத் திறந்து படிக்கலாம். சொல்லைக் கொடுத்துத் தேடலாம். நேரலை மின்னணு இசைப் படைப்புகளைப் பிற்காலத்தவர் மீண்டும் நிகழ்த்த இயலும் வகையில் பியூர் டேட்டாவில் தொகுத்துவைக்கும் திட்டம் ஒன்றையும் பக்கெட் மேற்கொண்டார். 'ப்ளூட்டோன்' அதில் இடம்பெற்றது. லேப்வியூவும் 2009இல் தன் வழியில் ஒரு தீர்வைக் கண்டது. நிரல்துண்டைப் படக்கோப்பாகச் சேமித்தால், அப்படத்துக்குள்ளேயே நிரலும் பொதிந்திருக்கும். படத்தை இழுத்து வரைபடத்தில் விட்டால் அது மீண்டும் கம்பிகளாக விரியும். அச்சிட்ட பக்கம் செய்ய இயலாமற்போன பணியை, இருபத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின் படக்கோப்பு செய்தது.

இதற்கிடையே எடுத்துக்காட்டுகள் இருக்கும் இடமும் மாறியது. சிறுவர்க்கான 'ஸ்கிராட்ச்' 2007இல் வெளிவந்தபோது அசைபடம், விளையாட்டு, கதை, இசை என வகுக்கப்பட்ட மாதிரிகள் மென்பொருளோடு கணினியிலேயே வந்திறங்கின. 2013இல் வந்த இரண்டாம் பதிப்பு உலாவியிலேயே இயங்கியது. உலகெங்கும் பிறர் பகிர்ந்த படைப்புகளின் உள்ளே புகுந்து பார்க்கும் பொத்தானே அதன் எடுத்துக்காட்டுக் கருவூலத்துக்கு வாயிலாயிற்று. கருவூலம் அளவிறந்து பெருகியது உண்மை. அதை அடைய இணையம் வேண்டும் என்பதும் உண்மை. இணைப்பு நிலையற்ற பள்ளியின் கணினி அறையில், வட்டிலேயே கிடந்த பத்துப் பதினைந்து கோப்புகள் செய்த பணியை எட்டாத இலட்சம் கோப்புகள் செய்யா.

இந்தியாவில் இவ்வரலாற்றின் மற்றொரு கிளை மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வளர்ந்தது. கல்விக்குக் கட்டற்ற மென்பொருளைப் பரப்பும் 'ஃபாஸ்ஸி' திட்டம், பாடநூல்களில் தீர்வோடு தரப்பட்ட கணக்குகளை மாணவர்களைக் கொண்டே 'சைலேப்' நிரல்களாக எழுதச் செய்து, 'பாடநூல் துணை' என்ற பெயரில் தொகுத்தது. எடுத்துக்காட்டை நிறுவனம் அனுப்பும்வரை காத்திராமல், தாம் படிக்கும் நூலிலிருந்தே மாணவர் அதை ஆக்கிக்கொண்டனர். தேடவேண்டிய பெயரும் அவர்களுக்குப் பழகியதே: நூலின் பெயர், இயல், கணக்கின் எண். அதே வளாகத்தில் எழுந்த 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம், சைலேப்பின் வரைகலைப் பகுதியான 'எக்ஸ்காஸ்' உள்ளிட்ட பல மென்பொருள்களுக்கான ஒளிப்பாடங்களை உருவாக்கியது. பாடங்களின் ஒலி, தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்குப் பெயர்க்கப்பட்டது. குரல் தமிழில் ஒலிக்க, திரையிலுள்ள பட்டியலும் குறிச்சொல்லும் ஆங்கிலத்திலேயே நிற்கின்றன. பாதி வழி கடந்தாயிற்று என்பதும் மறுபாதி எஞ்சியிருக்கிறது என்பதும் அக்காட்சியிலேயே தெரிகின்றன.

அம்மறுபாதியைக் கடக்கப் பெருஞ்செலவு வேண்டியதில்லை என்பதையும் இவ்வரலாறு உணர்த்துகிறது. எக்சாம்பிள் ஃபைண்டரில் பயனரே தம் எடுத்துக்காட்டுகளைச் சேர்க்க வழியுண்டு. விளக்கமும் குறிச்சொல்லும் வகையும் அளித்தால் போதும். பியூர் டேட்டாவில் உரிய பெயரும் ஒட்டும் இட்டு ஓர் உதவி ஏட்டை எழுதி வைத்தால், மென்பொருள் அதைத் தானே கண்டுகொள்ளும். ஏட்டின் உள்ளே இடம்பெறும் விளக்கக் குறிப்பு ஆங்கிலத்தில்தான் இருக்கவேண்டும் என்ற விதி இல்லை. ஒரு துறையின் ஆய்வகத்தில் ஆண்டுதோறும் மாணவர் செய்து முடிக்கும் பயிற்சிகள், மதிப்பெண் இட்டபின் அழிந்துபோகின்றன. அவற்றுள் நல்லவை நாலைந்தைத் தேர்ந்து, மாணவர் தம் வாயால் கேட்கும் சொற்களையே குறிச்சொல்லாக்கி அக்கோப்புறையில் இட்டால், அடுத்த ஆண்டு வருபவர் கலைச்சொல் அறியுமுன்பே உதாரணத்தை அடைவார்.

உரையாசிரியர்கள் காட்டிய உதாரணங்கள் பலவற்றின் வழியாகவே மறைந்துபோன நூல்கள் சிலவற்றின் பெயரும் வரியும் இன்று அறியப்படுகின்றன. அவற்றைக் காட்டியபோது அவர்கள் எண்ணியது தம் மாணவரின் ஐயத்தைத் தீர்ப்பதையே; ஆவணம் சமைப்பதை அன்று. பழைய கணினிகள் கழிக்கப்படும்போது அவற்றோடு கழிந்துபோகும் எடுத்துக்காட்டுக் கோப்புறைகளிலும், ஒரு தலைமுறை எதைக் கற்கத் தகுந்தது என்று கருதியது, எந்தச் சொல்லால் அதை அழைத்தது என்ற செய்தி இருக்கிறது. ஆய்வகக் கணினியை அடுத்தமுறை அழித்தெழுதுமுன் அக்கோப்புறையை மட்டுமேனும் படியெடுத்து வைப்பது, நூலகம் செய்யத் தக்க சிறு பணி.